பதினாறு வயதில் வந்தால் வாழ்க்கை முடிந்ததா? மனச்சிதைவு நோயின் நூற்றாண்டு வரலாறு

பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளை. போன ஆண்டு வரை வகுப்பில் முதல் ஐந்து பேரில் ஒருவன். இப்போது அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நண்பர்கள் தொலைபேசியில் அழைத்தால் எடுப்பதில்லை. குளிக்கச் சொல்லி மூன்று முறை கூப்பிட வேண்டியிருக்கிறது. பரீட்சை பயம் என்கிறார் தந்தை. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்கிறார் பாட்டி. சில மாதங்கள் கழித்து, பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்கிறான். ஆளில்லாத இடத்தில் குரல் கேட்கிறது என்கிறான்.

கடைசியில் மருத்துவமனை. 'மனச்சிதைவு நோய்' என்று மருத்துவர் சொன்னதும் தாய் கேட்பது ஒரே கேள்விதான்: "இவ்வளவு சின்ன வயசிலேயே வந்துடுச்சே டாக்டர், இனி இவன் வாழ்க்கை அவ்வளவுதானா?"

இந்தக் கேள்விக்கு மருத்துவ உலகம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பதில் தேடி வந்திருக்கிறது. முதலில் சொன்ன பதில் 'ஆமாம்' என்பதாகும். பிறகு 'அப்படிச் சொல்ல முடியாது' என்றார்கள். இன்று சொல்லும் பதில் வேறு. அது எப்படி மாறியது என்பதை அறிந்துகொள்வது ஒவ்வொரு பெற்றோருக்கும் பயன் தரும்.

பெயரிலேயே இருந்த தீர்ப்பு

1860ஆம் ஆண்டு பிரெஞ்சு மருத்துவர் பெனடிக்ட் மோரல் தம்முடைய நூலில் ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார். பதின்மூன்று, பதினான்கு வயது. படிப்பில் கெட்டிக்காரன். சிறிது சிறிதாக ஒதுங்கத் தொடங்கினான், படித்ததெல்லாம் மறந்தான், பேச்சு குறைந்தது. இதற்கு மோரல் பயன்படுத்திய சொல்லுக்கு 'முன்கூட்டியே வந்த அறிவுச் சிதைவு' என்பது பொருள். முதுமையில் வர வேண்டியது இளமையிலேயே வந்துவிட்டது என்று அவர் கருதினார்.

அடுத்து ஜெர்மனியில் இரண்டு மருத்துவர்கள். எவால்ட் ஹெக்கர் 1871இல் பருவ வயதில் தொடங்கி வேகமாக மோசமாகும் ஒரு மனநோயை விவரித்தார். கிரேக்கப் புராணத்தில் இளமையின் தேவதையான ஹீபியின் பெயரால் அதற்கு 'ஹீபிஃப்ரீனியா' என்று பெயர் வந்தது. கார்ல் கால்பாம் 1874இல், அசைவற்றுச் சிலைபோல் நிற்கும் 'கேட்டடோனியா' நிலையை விவரித்தார்.

இவை அனைத்தையும் ஒரே நோயாகச் சேர்த்தவர் எமில் கிரேப்பலின். 1856இல் பிறந்த இவர், 1891இல் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அவருடைய முறை எளிமையானது. ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை. நோய் எந்த வயதில் வந்தது, என்னென்ன அறிகுறிகள், பிறகு என்ன ஆனது என்று அதில் குறித்து வைப்பார். விடுமுறைக்குச் செல்லும்போதும் அட்டைகளை எடுத்துச் சென்று வகை பிரிப்பார். மனநோயை ஒருநாள் காட்சியை வைத்து முடிவு செய்யக் கூடாது, அதன் நீண்ட போக்கை வைத்தே அறிய வேண்டும் என்பது அவர் மருத்துவத்துக்குக் கொடுத்த பெரிய பாடமாகும்.

1899இல் வெளிவந்த தம்முடைய பாடநூலின் ஆறாம் பதிப்பில் அவர் மனநோய்களை இரண்டு பெரும் பிரிவுகளாக்கினார். வந்து வந்து போகும் மனவெழுச்சி நோய் ஒன்று. இளமையில் தொடங்கி அறிவைச் சிதைக்கும் 'டிமென்ஷியா பிரீகாக்ஸ்' மற்றொன்று. அந்த இலத்தீன் பெயருக்குள் இரண்டு கருத்துகள் அடங்கியிருந்தன. ஒன்று, இது இளமையில் வரும். இரண்டு, இது அழிவில் முடியும். நோயின் பெயரைச் சொல்லும்போதே நோயாளியின் எதிர்காலத்தையும் சொல்லிவிட்டார்கள்! ஒரு சிறு பகுதியினர் தேறியதைக் கிரேப்பலினே பதிவு செய்திருந்தார். ஆனாலும் ஊர் பிடித்துக்கொண்டது அந்தப் பெயரைத்தான்.

கிரேப்பலின் நம் பக்கத்து நாட்டுக்கும் வந்திருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. 1904இல் ஜாவாவின் பொய்டன்சோர்க் நகரில், அதாவது இன்றைய போகோரில் இருந்த மனநோய் மருத்துவமனையில் அவர் நோயாளிகளைப் பார்வையிட்டார். ஐரோப்பாவில் கண்ட நோய் இங்கும் இருக்கிறது, ஆனால் அது வெளிப்படும் விதத்தில் வேறுபாடு உண்டு என்று எழுதினார். மண்ணுக்கு மண் நோயின் போக்கு மாறுமா என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது.

பெயரை மாற்றியவர்

1908ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பெர்லினில் நடந்த மருத்துவர் கூட்டத்தில் சுவிட்சர்லாந்தின் யூஜின் புளூலர் உரையாற்றினார். அவர் சூரிக் நகரின் புர்க்ஹோல்ஸ்லி மருத்துவமனையின் தலைவர். அந்தப் பழைய பெயர் இரண்டு வகையிலும் தவறு என்றார். இந்த நோய் எப்போதும் இளமையில் வருவதில்லை. எப்போதும் அறிவுச் சிதைவில் முடிவதும் இல்லை. எனவே 'ஸ்கிசோஃப்ரீனியா' என்ற புதிய சொல்லை முன்வைத்தார். எண்ணம், உணர்ச்சி, செயல் ஆகியவற்றுக்கு இடையே உள்ள கட்டு தளர்ந்து போவதையே அந்தச் சொல் குறித்தது. ஒரே உடலில் இரண்டு ஆட்கள் என்று சினிமாவில் காட்டுகிறார்களே, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1911இல் வந்த அவருடைய நூல் இந்தப் பெயரை உலகெங்கும் நிலைநிறுத்தியது.

பெயர் மாறினாலும் மனம் மாறவில்லை. அன்று இந்த நோய்க்கு மருந்து கிடையாது. நோயாளி மருத்துவமனைக்குள் போனால் பெரும்பாலும் அங்கேயே முதுமை அடைந்தார். மலாயாவில் தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனை 1911இல் திறக்கப்பட்டது. சிங்கப்பூரில் பிற்காலத்தில் 'உட்பிரிட்ஜ்' என்று அழைக்கப்பட்ட மனநல மருத்துவமனை 1928இல் திறக்கப்பட்டது. இந்த ஊர்ப்பெயர்களே வசைச்சொற்களாகிப் போனதை நாம் அறிவோம். "அவன் தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்" என்று கேலி பேசும் வழக்கம், மீள முடியாத நோய் என்ற அந்தக் காலத்து எண்ணத்தின் எச்சமே ஆகும்.

தந்தை தொடங்கினார், மகன் எண்ணிப் பார்த்தார்

1942இல் புர்க்ஹோல்ஸ்லி மருத்துவமனைக்குத் தலைவராக வந்தவர் மான்ஃபிரட் புளூலர், யூஜின் புளூலரின் மகன். அவர் 1942, 1943ஆம் ஆண்டுகளில் அனுமதிக்கப்பட்ட 208 நோயாளிகளைத் தேர்ந்தெடுத்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் விடாமல் தொடர்ந்து கவனித்தார். வீடு திரும்பியவர்களையும் அவர் விட்டுவிடவில்லை. 1972இல் முடிவை நூலாக வெளியிட்டார்.

நோய் ஆண்டுக்கு ஆண்டு மோசமாகிக்கொண்டே போகும் என்று எல்லாரும் நம்பியிருந்தார்கள். புளூலர் கண்டது வேறு. பொதுவாகப் பார்த்தால், தொடங்கி ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு நோய் மேலும் மோசமாவதில்லை. பலருக்குச் சற்றே தேறும் போக்குத்தான் தெரிந்தது.

லோசான் நகரில் சியோம்பி, முல்லர் என்ற இரு மருத்துவர்கள் 289 நோயாளிகளைச் சராசரியாக ஏறக்குறைய 37 ஆண்டுகளுக்குப் பிறகு தேடிப் பார்த்து 1976இல் அறிக்கை தந்தார்கள். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், மருத்துவமனையின் பின்கட்டு வார்டுகளில் ஆண்டுக்கணக்கில் கிடந்து 1950களில் வெளியே அனுப்பப்பட்ட 269 பேரை, 32 ஆண்டுகள் கழித்து கோர்ட்னி ஹார்டிங் குழுவினர் ஆராய்ந்து 1987இல் வெளியிட்டனர். இரண்டு ஆய்வுகளிலும் பாதிப்பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் குணமாகியிருந்தனர், அல்லது நன்கு தேறியிருந்தனர்.

அப்படியானால் கிரேப்பலின் ஏன் அழிவை மட்டும் கண்டார்? 1984இல் பாட்ரிசியா கோஹன், ஜேக்கப் கோஹன் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். மருத்துவர் தினமும் யாரைப் பார்க்கிறார்? குணமாகாதவரைத்தான். தேறியவர் வேலைக்குப் போய்விடுகிறார். மருத்துவமனைப் பக்கமே வருவதில்லை. ஆகவே மருத்துவரின் கண்ணுக்கு நோய் உள்ளதைவிடக் கொடியதாகத் தெரிகிறது.

இதற்கிடையில் 1952இல் பாரிஸின் செயின்ட் ஆன் மருத்துவமனையில் டிலே, டெனிக்கர் என்ற மருத்துவர்கள் குளோர்ப்ரோமசின் என்ற மருந்தை மனநோய்க்குக் கொடுத்து நல்ல பலன் கண்டார்கள். சில ஆண்டுகளில் அது உலகெங்கும் பரவியது. பூட்டிய வார்டுகள் மெல்லத் திறந்தன.

சென்னை சொன்ன செய்தி

உலகச் சுகாதார நிறுவனம் 1960களின் பிற்பகுதியில் ஒன்பது நாடுகளில் 1,202 நோயாளிகளைக் கொண்டு பெரிய ஆய்வு ஒன்றைத் தொடங்கியது. லண்டன், வாஷிங்டன், மாஸ்கோ ஆகியவற்றோடு இந்தியாவின் ஆக்ராவும் நைஜீரியாவின் இபாடானும் அதில் இடம்பெற்றன. வளர்ந்த நாடுகளைவிட ஆக்ரா, இபாடான் போன்ற இடங்களில் நோயாளிகள் நன்றாகத் தேறியிருந்தது அறிஞர்களை வியக்க வைத்தது. கூட்டுக் குடும்பத்தின் ஆதரவே காரணம் என்று சிலர் சொன்னார்கள். எல்லா ஏழை நாடுகளுக்கும் இது பொருந்தாது என்று பிற்காலத்தில் மறுப்பும் எழுந்தது.

தமிழகத்துக்கும் இதில் பங்கு உண்டு. 1981இல் சென்னையில் முதன்முறையாக நோய் கண்ட 90 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு தொடங்கியது. டாக்டர் தாரா உள்ளிட்ட குழுவினர் பத்து, இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் என்று அவர்களைத் தொடர்ந்து கவனித்து வந்தனர். பத்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது பெரும்பாலோர் நோயின் கடுமையான அறிகுறிகளிலிருந்து மீண்டிருந்தனர். இந்தப் பணியோடு இணைந்த 'ஸ்கார்ஃப்' என்ற மனச்சிதைவு நோய் ஆய்வு நிறுவனத்தை 1984இல் சென்னையில் நிறுவியவர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்பட்ட இவர் 2021இல் காலமானார்.

சிறு வயதில் வந்தால்?

இப்போது அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். பொதுவாகத் தேற முடியும் என்றால், மிகச் சிறு வயதில் நோய் வந்தவர்களுக்கும் அது பொருந்துமா?

இந்த உண்மையை மறைப்பதில் பயனில்லை. இளம் வயதில் தொடங்கினால் பாதை கடினமானதுதான். ஜெர்மனியில் கிறிஸ்டியன் எகர்ஸ், ஏழு முதல் பதினான்கு வயதுக்குள் நோய் கண்ட 44 பேரைச் சராசரியாக 42 ஆண்டுகள் கழித்து ஆராய்ந்து 1997இல் அறிக்கை தந்தார். ஏறக்குறைய பாதிப்பேருக்கு நோய் நீங்காமல் தொடர்ந்தது. கால்பங்கினர் ஓரளவு தேறினர். மீதிக் கால்பங்கினர் முழுமையாகத் தேறினர். பதினெட்டு வயதுக்குள் நோய் கண்டவர்களைப் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்து 2012இல் வந்த ஒரு கணக்கும் ஏறக்குறைய 60 விழுக்காட்டினருக்கு முடிவு மோசமாக இருந்ததாகவே காட்டியது.

ஆனால் ஏன்? இளம் வயதின் நோய் தன்னளவிலேயே கடுமையானதா? அல்லது வேறு காரணம் உண்டா?

ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் ஹெய்ன்ஸ் ஹஃப்னர் 1980களின் பிற்பகுதியில் தொடங்கிய ஆய்வு இங்கே பெரிதும் உதவுகிறது. முதன்முறையாக மருத்துவமனைக்கு வந்த 232 பேரிடமும் அவர்கள் குடும்பத்தாரிடமும், மாற்றம் எப்போது தொடங்கியது என்று துருவித் துருவிக் கேட்டார்கள். மருத்துவமனைக்கு வருவதற்குச் சராசரியாக ஐந்து ஆண்டுகளுக்கும் முன்பே நோய் தலைகாட்டியிருந்தது! பெரும்பாலோரிடம் முதலில் தோன்றியவை குரல் கேட்பதோ சந்தேகமோ அல்ல. சோர்வு, கவலை, தூக்கமின்மை, கவனம் சிதறல், ஒதுங்குதல் போன்றவைதாம். ஆண்களுக்குப் பெண்களைவிட மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் முன்னதாகவே நோய் தொடங்குவதும் தெரிந்தது.

ஹஃப்னர் சொன்ன இன்னொரு செய்தி முக்கியமானது. முப்பது வயதில் நோய் வருபவர் அதற்குள் படித்து முடித்திருப்பார். வேலை, திருமணம், நண்பர்கள் என்று ஏணியில் ஏறியிருப்பார். சறுக்கினாலும் சில படிகள்தான் சறுக்குவார். பதினாறு வயதில் நோய் வருபவர் ஏணியில் கால் வைக்கும் முன்பே கீழே நின்றுவிடுகிறார். அவருடைய பிற்கால நிலையைப் பெருமளவு நிர்ணயிப்பது வயது என்ற எண் அல்ல. அந்த வயதில் தடைப்பட்டுப்போன படிப்பும் பழக்கவழக்கமும் தன்னம்பிக்கையும் ஆகும். தடைப்பட்டதை மீண்டும் தொடங்கி வைக்கலாம் அல்லவா?

2017இல் பின்லாந்து ஆய்வாளர்கள் உலக ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் இதுவே தெளிவாயிற்று. நோய் தொடங்கும் வயதுக்கும் பிற்கால நிலைக்கும் தொடர்பு உண்டு. ஆனால் அந்தத் தொடர்பு சிறியது. வயதை மட்டும் வைத்து ஒரு தனி மனிதரின் எதிர்காலத்தைச் சொல்ல முடியாது.

ஒரே வயது, இரு வாழ்க்கை

புகழ்பெற்ற இருவரின் கதை இதற்கு எடுத்துக்காட்டு. உருசிய பாலே நடனக் கலைஞர் நிஜின்ஸ்கி 1919இல், முப்பது வயதை ஒட்டி நோயுற்றார். அவருடைய மனைவி அவரை அழைத்துச் சென்றது சூரிக்கில் இருந்த அதே யூஜின் புளூலரிடம்தான். அது மருந்து இல்லாத காலம். அதன் பிறகு அவர் மேடை ஏறவே இல்லை. பல மருத்துவமனைகளில் காலம் கழித்து 1950இல் லண்டனில் காலமானார்.

அமெரிக்கக் கணித அறிஞர் ஜான் நாஷ் 1959இல் நோயுற்றபோது அவருக்கும் முப்பது வயதுதான். பல ஆண்டுகள் துன்பப்பட்டார். ஆனால் அவரைத் தாங்கிப் பிடிக்க மனைவி அலிசியா இருந்தார். அவர் நடமாடுவதற்குப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் இடம் கொடுத்தது. மெல்ல மெல்ல மீண்ட அவர் 1994இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றார். 2001இல் வந்த ஹாலிவுட் படத்தின் மூலம் உலகமே அவரை அறிந்தது. இருவருக்கும் நோய் வந்த வயது ஒன்றே. முடிவு ஒன்றாக இல்லை.

கையில் இருப்பது எது?

நோய் எந்த வயதில் வரும் என்பது யார் கையிலும் இல்லை. ஆனால் நோய் வந்த நாளுக்கும் சிகிச்சை தொடங்கும் நாளுக்கும் இடையில் உள்ள காலம் நம் கையில் இருக்கிறது. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பல குடும்பங்கள் நம்பிக்கை இழக்கின்றன.

1927இலேயே அமெரிக்க மருத்துவர் ஹாரி ஸ்டாக் சல்லிவன், நோய் முற்றும் முன்பே கவனிக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். அப்போது யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. 1986இல் இங்கிலாந்தின் நார்த்விக் பார்க் ஆய்வு, ஓராண்டுக்கு மேல் சிகிச்சையின்றி இருந்தவர்களுக்கே நோய் அதிகமாகத் திரும்ப வந்ததைக் காட்டியது. 1992இல் மெல்பர்னில் பேட்ரிக் மெக்கோரியும் அவருடைய குழுவினரும் இளையருக்கென்றே தனிச் சிகிச்சை நிலையம் தொடங்கினார்கள். பழைய நோயாளிகளோடு ஒரே வார்டில் பதினெட்டு வயதுப் பிள்ளையைப் போட்டால், தன் எதிர்காலமும் இதுதான் என்று அவன் நம்பிவிடுவான் என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று.

நார்வேயின் ரோகலாண்ட் பகுதியில் 1997இல் ஒரு முயற்சி தொடங்கியது. செய்தித்தாள், வானொலி, பள்ளிக்கூடம் என்று எல்லா இடங்களிலும் நோயின் முதல் அறிகுறிகளை விளம்பரப்படுத்தினார்கள். சாதாரணமாக 16 வாரங்களாக இருந்த காத்திருப்பு, இங்கே 5 வாரங்களாகக் குறைந்தது. பத்து ஆண்டுகள் கழித்து எண்ணிப் பார்த்தபோது, இந்தப் பகுதியில் ஏறக்குறைய 31 விழுக்காட்டினர் முழுமையாக மீண்டிருந்தனர். இந்த முயற்சி நடக்காத பகுதிகளில் அது 15 விழுக்காடு. விளம்பரத்தை நிறுத்தியதும் மக்கள் மீண்டும் தாமதமாகவே வந்தார்கள் என்பதும் குறிப்பிடத்தக்கது.

நோய் மெதுவாகத் தொடங்குபவர்கள் இயல்பாகவே தாமதமாக வருவார்கள், அவர்கள் தேறுவதும் கடினம். எனவே எல்லாப் பழியையும் தாமதத்தின் மேல் போட முடியாது என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் காத்திருப்பதால் நன்மை உண்டு என்று காட்டிய ஆய்வு எதுவும் இல்லை. தற்கொலை அபாயம் மிக அதிகமாக இருப்பதும் நோயின் முதல் சில ஆண்டுகளில்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

நம் வீட்டு வாசலில்

சிங்கப்பூரில் 2001இல் மனநலக் கழகத்தின் கீழ் இளையருக்கான முன்கூட்டிய சிகிச்சைத் திட்டம் தொடங்கப்பட்டது. பொதுமக்களுக்கும் மருந்தக மருத்துவர்களுக்கும் விளக்கம் அளித்த பிறகு, ஏறத்தாழ ஓராண்டாக இருந்த தாமதம் நான்கு மாதங்களாகக் குறைந்தது. மலேசியாவில் 2003இல் தொடங்கிய தேசிய மனச்சிதைவு நோய்ப் பதிவேட்டின்படி, நோயாளிகள் சிகிச்சைக்கு வரச் சராசரியாக இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

இரண்டு ஆண்டுகள் என்பது ஒரு பிள்ளைக்கு எவ்வளவு பெரிய காலம்! நான்காம் படிவத்தில் தொடங்கிய நோய்க்கு எஸ்பிஎம் தேர்வெல்லாம் முடிந்த பிறகுதான் மருந்து கிடைக்கிறது. அந்த இரண்டு ஆண்டுகள் எங்கே போயின? சாமியாடியிடம், போமோவிடம், ஜோசியரிடம், 'கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும்' என்ற பேச்சில், 'வெளியே தெரிந்தால் தங்கைக்கு வரன் வராது' என்ற அச்சத்தில் போயின. கோயிலுக்குப் போக வேண்டாம் என்று எந்த மருத்துவரும் சொல்வதில்லை. அர்ச்சனை முடிந்ததும் மருத்துவரிடமும் போங்கள் என்றுதான் சொல்கிறார்கள்.

ஒதுங்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் மனச்சிதைவு நோய் இல்லை. பெரும்பாலோருக்கு அது பருவ வயதின் இயல்பு. ஆனால் மாதக்கணக்கில் தூக்கமும் படிப்பும் நட்பும் ஒன்றாகக் கெட்டால், வீண் சந்தேகமும் காதில் குரலும் சேர்ந்தால், இனியும் காத்திருக்கக் கூடாது. அரசாங்க மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. சிகிச்சை தொடங்கிய பிறகும், சற்றுத் தேறியதும் தாமாகவே மருந்தை நிறுத்திவிடக் கூடாது. விட்ட படிப்பை மெல்ல மெல்லத் தொடரச் செய்ய வேண்டும். குடும்பத்தார் குத்திக்காட்டாமல் பேச வேண்டும்.

1899இல் ஒரு பெயருக்குள் தீர்ப்பை எழுதினார்கள். அந்தத் தீர்ப்பை மாற்றி எழுத மருத்துவ உலகத்துக்கு எழுபது, எண்பது ஆண்டுகள் பிடித்தன. அதே தீர்ப்பை இன்றும் ஒரு தாயின் காதில் உறவினர்களும் அண்டை வீட்டாரும் சொல்லிக்கொண்டிருக்கலாமா? சிறு வயதில் வந்த நோய், கூடுதல் கவனமும் கூடுதல் காலமும் கேட்கும் நோய். அவன் வாழ்க்கை முடிந்துவிடவில்லை. இன்றே மருத்துவரிடம் அழைத்துச் சென்றால், இழந்த நாட்கள் அத்தோடு நிற்கும்.